எதிர்காலம் உருவான வரலாறு

மாளிகாவத்தையில் தமிழ் பேசும் வீடொன்றிலுள்ள பொருள்களின் பெயர்களை எண்ணத் தொடங்கினால், அலுமாரி, கதிரை, மேசை, சப்பாத்து, பாண் எனப் போர்த்துக்கேயச் சொற்கள் வரிசையாக வரும். ஆயின் போர்த்துக்கேய வினைவிகுதி ஒன்றேனும் நம் நாவில் ஏறவில்லை. பெயர்கள் பொருள்களோடு கரையிறங்கின. வினைத்திரிபுகள் கப்பலிலேயே தங்கிவிட்டன. இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொள்ள எதிர்கால வினை நல்லதொரு சான்றாகும்.

போர்த்துக்கேயத்தின் உடன்பிறப்பாகிய ஸ்பானியத்தில் அதன் அமைப்பு மிகத் தெளிவாகத் தெரிகிறது. 'அப்ளார்' என்பது பேசுதல். உடைமையைக் குறித்த பழைய துணைவினையின் நிகழ்கால வடிவங்கள் 'ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், அபேய்ஸ், ஆன்' என்பன. இவற்றை முழு வினைப்பெயரின் பின்னே ஒட்டினால் அப்ளாரே, அப்ளாராஸ், அப்ளாரா, அப்ளாரேமோஸ், அப்ளாரேய்ஸ், அப்ளாரான் என எதிர்காலம் பிறக்கின்றது. ஐந்தாவதில் மட்டும் துணைவினையின் முதற்பகுதி தேய்ந்தது. (இறுதியிலுள்ள 'ஆன்' நம் செவிக்கு ஆண்பாலாக ஒலிப்பினும் அங்கே அது படர்க்கைப் பன்மையாம்.) உண்ணுதலாகிய 'கொமேர்', வாழ்தலாகிய 'பிபீர்' ஆகியவையும் இவ்விகுதிகளையே ஏற்கின்றன. எனவே 'பேசுவேன்' என்பதன் பழம்பொருள் 'பேச வேண்டியிருக்கிறேன்' என்பதே. இலத்தீனின் பழைய எதிர்கால வடிவங்கள் பேச்சில் வழக்கிழந்தபோது மக்கள் கையிலிருந்த சொல்லைக்கொண்டு புதியதை ஆக்கினர். 1492 இல் வெளிவந்த தம் ஸ்பானிய இலக்கணத்தில் நெப்ரிகா இக்கூட்டினைச் சுட்டியுள்ளார். போர்த்துக்கேய எழுத்து வழக்கிலோ இவ்விரு பகுதிகளுக்கும் இடையே பிரதிப்பெயர் நுழைவதுண்டு. ஒட்டிய தழும்பு இன்னும் மறையவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழின் நெறி வேறு. பேசினேன், பேசுகிறேன், பேசுவேன் என்பவற்றில் 'ஏன்' விகுதி மாறாது நிற்கக் காலம் இடைநிலையில் அமைகின்றது. 1546 இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார், தமிழுக்குப் போர்த்துக்கேயத்தில் இலக்கணம் எழுதியபோது ஐரோப்பியச் சட்டத்தையே கையாண்டார். அந்நூல் 1982 வரை அச்சேறவில்லை. தமிழ்ச் செய்யும் என் வாய்பாட்டு வினை அச்சட்டத்துள் எளிதில் அடங்குவதன்று என்பது என் கருத்து. 'மழை பெய்யும்' என்பது நாளைய மழையையும் குறிக்கும்; வழக்கமாகப் பெய்வதையும் குறிக்கும்.

இனிக் கொழும்புக்கு வருவோம். 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னரே போர்த்துக்கல்லையும் ஆண்டனர். எனினும் இங்கு வழங்கியது போர்த்துக்கேயமே. 1656 இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றிய பின்னும் அது ஒழியவில்லை. ஒல்லாந்தர் இல்லங்களிலும் புகுந்தது. ஆயின் இலங்கையில் வழங்கிய அக்கலப்புமொழி, ஐரோப்பாவில் அரும்பாடுபட்டு உருவான எதிர்கால விகுதிகள் அனைத்தையும் கைவிட்டது. 'விரைவில்' எனப் பொருள்படும் 'லோகு' என்ற சொல் 'லோ' எனக் குறுகி வினையின்முன் நின்றது. நான், நீ, அவர் எவராயினும் அதுவே போதியதாயிற்று. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியருள் சிலர் இன்றும் அம்மொழியைப் பேசுகின்றனர். அவர்தம் வாக்கியங்களில் வினை பெரும்பாலும் தமிழிற் போன்று இறுதியிலேயே நிற்கின்றது.