லினக்ஸ் மடிக்கணினியில் டயல்-அப் மொடெம்: பழுதென்று ஒதுக்க முன்னர்

வெளிநாட்டு உறவினர் கொடுத்தனுப்பிய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுபவர்கள் பலருக்கு முதலில் வரும் தடை மொடெம். திரை, விசைப்பலகை, ஒலி எல்லாம் வேலை செய்யும். தொலைபேசி வயரைச் செருகினால் மட்டும் அசைவிராது. மொடெம் பழுதென்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் அது பழுதல்ல.

முழுமையான மொடெம், தரவை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் வேலையைத் தானே செய்யும். 1990களின் பிற்பகுதியிலிருந்து மடிக்கணினிகளுக்குள் வந்தவை பெரும்பாலும் அரை மொடெம்களே. விலையைக் குறைப்பதற்காக அந்த வேலை கணினியின் செயலியிடம் விடப்பட்டது. அதற்கான மென்பொருளை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதினார்கள். 'வின்மொடெம்' என்ற பெயர் இதனால் வந்தது.

சில்லைக் கண்டறிதல்

முனையத்தில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளையும் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள். வரும் பட்டியலில் மொடெமின் சில்லுப் பெயர் இருக்கும். மொடெம் ஒலி அட்டையோடு இணைந்திருந்தால் பெயர் தனியாகத் தெரியாமலும் போகலாம்.

லூசென்ட் அல்லது அகியரின் 'மார்ஸ்' வகைச் சில்லுக்கு 'மார்ஷியன்' என்ற டிரைவர் உண்டு. ஸ்மார்ட்லிங்க் வகைக்கு 'எஸ்எல்மொடெம்' உண்டு. கொனெக்சன்ட் சில்லுக்கு லினக்ஸன்ட் நிறுவனம் தந்த டிரைவரின் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட் வேகத்தைத் தாண்டாது. முழு வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கேர்னலை மாற்றினால் டிரைவரையும் மீள நிறுவ வேண்டிவரும்.

டயல் செய்தல்

'டபிள்யூவிடயல்' மென்பொருள் மொடெமைத் தேடிக் கண்டுபிடித்துத் தானே அமைப்புக் கோப்பை எழுதும். இணைய எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் நீங்கள் சேர்த்தால் போதும்.

டயல் ஒலி இல்லையென்ற செய்தி வந்தால், சாதாரண தொலைபேசியைச் செருகி ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், உங்கள் நாட்டு ஒலியை மொடெம் அடையாளம் காணவில்லை. தொடக்கக் கட்டளையில் 'ஏடிஎக்ஸ்3' சேர்த்தால் ஒலிக்காகக் காத்திராமல் டயல் செய்யும். இணைப்புக் கிடைத்தும் பக்கங்கள் திறக்காவிட்டால், ஈதர்நெட் இணைப்பைத் துண்டித்து மீண்டும் டயல் செய்யுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால்

சீரியல் போட்டில் செருகும் வெளி மொடெம் வாங்குங்கள். அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. பழையதாகவும் இருக்கலாம். யூஎஸ்பி மொடெம்களில் அரை மொடெம்களும் உண்டு. விசாரித்து வாங்குங்கள்.

இடி மின்னல் நேரத்தில் தொலைபேசி வயரைக் கழற்றி வையுங்கள். மின்னலில் எரிந்த மொடெமை எந்த டிரைவரும் எழுப்பாது.

1998இல் வந்த வி.90 தரத்தின் உச்ச வேகம் 56 கிலோபிட். வழமையான வயரில் அதிலும் குறைவாகவே கிடைக்கும். தூரத்திலிருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சல் எழுத அது போதும்.