வாடைக்காற்றும் சீமெந்துத் தூசும்

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை பற்றி யாழ்ப்பாணத்தில கதை தொடங்கினா, அது பெரும்பாலும் பெருமையிலதான் முடியும். ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சரா இருந்த காலம், வாழைச்சேனைக் காகித ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, கூடவே இது. ஊருக்கு வேலை குடுத்தது, நாட்டுக்குச் சீமெந்து குடுத்தது, 1990இல் யுத்தத்தோட நிண்டு போச்சு. இதை நாங்கள் மறுக்கேல்ல. ஆனா இந்த வரலாற்றில ஒரு இலைகூட இல்லை.

சீமெந்து எப்பிடி வருது? வலிகாமத்துச் சுண்ணக்கல்லையும் முருங்கனில இருந்து வந்த களிமண்ணையும் அரைச்சு, சூளையில ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில சுடவேணும். அரைக்கிற இடத்திலயும் சுடுற இடத்திலயும் தூசு கிளம்பும். அது சாதாரண றோட்டுப் புழுதி இல்லை. ஈரம் பட்டா இறுகிற புழுதி.

1909இலயே ஜோர்ஜ் பியர்ஸ் எண்ட தாவரவியலாளர் கலிபோர்னியாத் தோடை மரங்களில இதைப் பார்த்து எழுதினார். பனியும் சிறுதூறலும் பட்ட தூசு இலையின் மேல்பக்கத்தில ஓடு மாதிரிப் படிஞ்சுது, மழைக்கும் கழுவுப்படேல்ல. வெளிச்சம் குறைஞ்சா ஒளித்தொகுப்பு குறையும். இலைவாய்கள் அடைபட்டா வாயுப் பரிமாற்றமும் தடைப்படும். (நாங்கள் கலைப்பீடம், சாதாரண தரத்து விஞ்ஞானம் இவ்வளவுக்கு உதவினதே பெரிய விசயம்.) மண்ணில விழுற தூசு காரத்தைக் கூட்டும், அப்ப இரும்பும் நாகமும் பயிருக்கு எட்டாது, இலை மஞ்சளாகும்.

இனி காற்றைப் பாருங்கோ. தொழிற்சாலை இருக்கிறது வடக்குக் கரையில. சோளகம் வீசேக்க தூசு கடல்பக்கம் போகும், பிரச்சினை குறைவு. வாடை வீசேக்க ஊருக்குள்ள வரும், தெல்லிப்பழைப் பக்கத்துத் தோட்டங்களை நோக்கி. வாடைக்காலம் எண்டா என்ன? வெங்காயம், புகையிலை எல்லாம் வளர்ற காலம். மார்கழி, தைப் பனியில இலை விடிய விடிய நனைஞ்சு நிக்கிற காலம். பியர்ஸ் சொன்ன ஓடு படியிறதுக்கு இதைவிட வசதியான காலம் இல்லை.

தொழிற்சாலையைத் திரும்ப இயக்குவம் எண்ட கதை யுத்தத்துக்குப் பிறகு அப்பப்ப எழும்புது. சுண்ணக்கல்லைத் தோண்டினா நிலத்தடி நீரில உப்பு ஏறும் எண்டு சனம் கேக்கிறது முழுக்கச் சரி. இப்ப நல்ல தூசு வடிகட்டிகள் இருக்கு எண்டு பதில் வரும், இருக்குத்தான். அது வாடைக்காலத்தில ஒரு கிழமை பழுதாகி நிண்டா சூளையை நிப்பாட்டுவினமா? இருபது, முப்பது வரியம் முகாமிலயும் வாடகை வீட்டிலயும் இருந்திட்டு வந்து, பற்றை வெட்டித் திரும்ப வாழை வைச்ச ஆக்களின்ர தோட்டம்தான் அந்தக் காற்றின்ர வழியில கிடக்குது.