ஜகன்மோகினியின் முதலாளி

வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். படித்தவர்கள் குறைவு. எனக்கும் அந்த எதிர்பாராத சந்திப்புகளையும் துப்பறியும் முடிச்சுகளையும் நீண்ட புத்திமதிகளையும் தாண்டிப்போக நிறையப் பொறுமை வேண்டியிருக்கிறது. ஆனால், நாவலாசிரியராக மட்டும் அவரை எடைபோட்டு ஒதுக்கும் இலக்கிய வரலாறு, அவர் ஒரு பத்திரிகைக்கு முதலாளி என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறது. எனக்கு அந்த இடத்தில்தான் நிற்கத் தோன்றுகிறது.

ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் கிடையாது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர்தான் 1925இல், நலிந்து கிடந்த 'ஜகன்மோகினி'யை வாங்கி நடத்தத் தொடங்கினார். கணவர் பார்த்தசாரதி துணை நின்றார். பெண்களுக்கான பத்திரிகைகள் தமிழில் அதற்கு முன்பும் வந்தன. அவற்றில் பல, பெண்களைத் திருத்த வந்தவை. இவரும் திருத்தத்தான் பார்த்தார், ஆனால் கதை சொல்லித் திருத்தினார். அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று காத்திருக்க வைத்தார். படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்க வாசிக்க, மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்ட காலம் அது. இத்தனை சந்தா என்று எண்ணி அந்த வாசகிகளைக் கணக்கிட முடியாது.

1932இல் மறியல் செய்து சிறைக்குப் போனார். அங்கேயும் எழுதினார். 1937இல் சொந்த அச்சகம் வைத்தார். எழுத்து, ஆசிரியர் பொறுப்பு, அச்சு மூன்றும் ஒரு பெண்ணின் கையில்!

சரிவு ஒரே நாளில் வரவில்லை. உலகப் போர்க் காலத்தில் காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. சிறிய பத்திரிகைகள் திணறின. அதற்குள் 'ஆனந்த விகடன்' வேரூன்றியிருந்தது, 1941இல் 'கல்கி'யும் வந்தது. பல எழுத்தாளர்கள், ஓவியர்கள், நகைச்சுவைத் துணுக்குகள், விளம்பர வருமானம், வாரந்தோறும் புது இதழ். இவற்றின் எதிரே, பெரும்பாலும் ஒரே பேனாவை நம்பிய மாத இதழ். ரசனை மாறிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதலீடும் மாறியது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

1956இல் ஒரே மகன் இறந்தார். 1960இல் கோதைநாயகியும் மறைந்தார். பத்திரிகையைத் தாங்க அடுத்த கை இல்லை.

பிறகு வந்த 'மங்கையர் மலர்' கல்கி குழுமத்திலிருந்தும், 'அவள் விகடன்' விகடன் குழுமத்திலிருந்தும் வெளிவந்தன. இரண்டையும் நான் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால், அச்சகமும் கணக்குப் புத்தகமும் ஒரு பெண்ணிடமே இருந்த வெகுஜன மகளிர் இதழ் எது என்று யாராவது கேட்டால், சட்டென்று என் வாயில் வருவது இன்னமும் ஜகன்மோகினிதான்.