கர்ர்ர் என்ற அந்தச் சத்தம்

சென்ற இதழில் ஒரு புகார் வந்திருந்தது. காலை ஆறு மணிக்கு சி பிளாக் பின்பக்கச் சாலையில் எல் போர்டு கார்கள் 'கர்ர்ர்' என்று கியரை அரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், கார் பழகிய நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சத்தம் இல்லாமல் நம்மில் யார் பழகினோம்?

1891 வாக்கில் பிரான்சில் பனார், லெவாசோர் என்ற இருவர், எஞ்சினை முன்னால் வைத்து, பல்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் கியர் பெட்டியோடு கார் செய்தார்கள். பின்னால் வந்த கார்களுக்கெல்லாம் அதுதான் அச்சு. அதில் ஒரு சிக்கல். எஞ்சின் பக்கச் சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றும், டயர் பக்கச் சக்கரம் வேறொரு வேகத்தில் சுற்றும். இரண்டையும் அப்படியே கோக்கப் போனால் பல்லும் பல்லும் மோதும். நீங்கள் கேட்கும் 'கர்ர்ர்' அதுதான்.

அதற்கு ஓட்டுநர்கள் கண்ட வழி டபுள் கிளட்ச். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்ச்சை மிதித்து இரண்டைப் போட வேண்டும். நடுவில் கொடுத்த அந்த அழுத்தில் உள்ளே இருக்கும் சக்கரம் வேகம் பிடித்து, மற்றதோடு சமமாகிவிடும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். பழைய லாரி, பஸ் டிரைவர்கள் இதை நாள் முழுக்கச் செய்தார்கள். அவர்களுக்குக் கைகூப்பலாம்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் ஏர்ல் தாம்ப்சன். பற்கள் கோப்பதற்கு முன் கூம்பு வடிவ உராய்வுப் பகுதி ஒன்று தொட்டு, இரண்டு வேகங்களையும் சமப்படுத்தும்படி செய்தார். பெயர் சிங்க்ரோமெஷ். 1928இல் காடிலாக் கார்களில் வந்தது. அவரே பின்னாளில் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். முதலில் கியர் மாற்றுவதைச் சுலபமாக்கினார், பிறகு மாற்றும் வேலையே வேண்டாமென்று ஆக்கினார்!

நம் ஊருக்கு அந்த வசதி அரைகுறையாகத்தான் வந்தது. ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் தடி வைத்த அம்பாசடர், பத்மினி இரண்டிலும் நான்கு கியர். இரண்டு, மூன்று, நான்குக்கு சிங்க்ரோமெஷ் உண்டு, முதல் கியருக்கு இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கியர் தடி தரையில் இருந்தது, ஆனால் முதல் கியர் விஷயத்தில் அதுவும் அப்படித்தான். வண்டி முழுதாக நின்றால்தான் முதல் கியர் சத்தமில்லாமல் விழும்.

சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. மலையில்? 1978இல் பெரியப்பாவின் அம்பாசடரில் ஏழு பேர் ஏற்காடு போனோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் திணறியது. டிரைவர் ஓடுகிற வண்டியில் முதல் கியருக்கு இறக்கப் பார்த்தார். விழவில்லை. வண்டி நியூட்ரலில் நின்று, பின்னோக்கி நகர ஆரம்பித்தது. கால் பிரேக்கும் கைப் பிரேக்கும் சேர்ந்து பிடித்ததில் ஓரக் கல்லுக்கு இரண்டடி முன்னால் நின்றோம். என் அண்ணன் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைத்தான். பெரியம்மா அதன்பின் மலைக்குக் காரில் வரவே இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்னோக்கிப் போகும் நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ். சுண்டு விரலால் கியர் போடலாம் என்று ஊரே பேசியது. டபுள் கிளட்ச் மெல்ல மறந்துபோனது. 2014இல் கிளட்ச் மிதியே இல்லாத ஏஎம்டி கியருடன் செலேரியோ வந்தது. அம்பாசடர் தயாரிப்பு நின்றதும் அதே வருடம்தான்.

இப்போது மேனுவல் கார் பழகும் பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது கால் வேலை மட்டுமே. கிளட்ச்சை முழுதாக மிதித்து, கியரை வெடுக்கென்று தள்ளாமல் நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் போட்டால், உள்ளே இருக்கும் கூம்புக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் காலை நிதானித்து விட்டால் வண்டி குலுங்காது. இது பழக ஒரு மாதம் ஆகும், அதுவரை நாமும் பொறுக்கலாம்.

ஒன்றே ஒன்று. பெரும்பாலான மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியருக்கு இன்றும் சிங்க்ரோமெஷ் கிடையாது. நம் பேஸ்மென்டில் தினமும் கேட்கும் அரைப்புச் சத்தம் எல் போர்டு பிள்ளைகளுடையது அல்ல. முன்னால் உருளும் வண்டி நிற்பதற்குள் அவசரமாக ரிவர்ஸ் போடும் நம்முடையது. குழந்தைகள் சைக்கிள் விடும் இடம் அது. முழுதாக நிறுத்தி, பின்னால் பார்த்து, பிறகு போடுங்கள்.