சிறுவர் காறை எலும்பு முறிவு மருத்துவ வரலாறு

காறை எலும்பு என்பது மார்பெலும்பையும் தோள்பட்டை எலும்பையும் இணைக்கும் எலும்பாகும். கருவில் முதலில் எலும்பாக இறுகத் தொடங்குவது இதுவே. இதன் மார்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு ஏறத்தாழ 23 முதல் 25 வயதில்தான் மூடுகிறது. சிறுவர்களுக்கு அடிக்கடி முறியும் எலும்புகளில் இதுவும் ஒன்று. இறுகக் கட்டி நேராக்க முயன்ற மருத்துவம், எலும்பு தானே கூடும் என்பதை உணர்ந்து படிப்படியாகத் தலையீட்டைக் குறைத்துக்கொண்டதே இம்முறிவின் சிகிச்சை வரலாறு.

பண்டைய முறைகள்

கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எட்வின் சுமித் பாப்பிரசு என்னும் எகிப்திய ஏட்டில் காறை எலும்பு முறிவு தனி நேர்வாக இடம்பெற்றுள்ளது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே மடித்த துணியை வைத்து, தோள்களை விரித்துக் கட்டுமாறு அது கூறுகிறது. சுசுருத சம்கிதை இவ்வெலும்பை அட்சகம் என்கிறது. தாழ்ந்த முனையை உலக்கையால் உயர்த்தி, உயர்ந்ததை அழுத்தி, இறுகக் கட்டச் சொல்கிறது. பொதுவாக முறிவுகளுக்குக் கட்டு தளர்ந்தால் எலும்பு நிலைக்காது, மிக இறுகினால் வீக்கமும் வலியும் உண்டாகும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. இளம் வயதில் ஒரு மாதத்தில் எலும்பு கூடும் என்ற அதன் கணக்கு இன்றைய அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

தமிழகத்தில்

திண்டுக்கல் மாவட்டம், ஆத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சித்தையன்கோட்டை போன்ற தமிழக ஊர்களில் எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடுவது நெடுநாள் வழக்கம். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி ஆகியவை இக்கட்டில் பயன்பட்டன. வைத்தியர் கைவிரலால் தடவியே முறிவைக் கண்டார். காறை எலும்பு தோலுக்கு அடியிலேயே இருப்பதால் இது பெரும்பாலும் பலித்தது. உள்ளே உள்ள நிலை மட்டும் தெரியவில்லை.

1895இல் இரோண்ட்கன் எக்சு கதிரைக் கண்டறிந்தபின் அக்குறை நீங்கியது. சென்னையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

அறுவையா, ஓய்வா?

1960இல் அமெரிக்க மருத்துவர் சார்லசு நீர், அறுவையின்றிச் சிகிச்சை பெற்ற 2,235 பேரில் மூவருக்கு மட்டுமே எலும்பு கூடவில்லை என்று காட்டினார். 1987இல் டென்மார்க்கு ஆய்வு ஒன்று, இரு தோள்களையும் பின்னிழுக்கும் எட்டு வடிவக் கட்டையும் கழுத்திலிருந்து கையைத் தாங்கும் தொங்குகட்டையும் ஒப்பிட்டது. எலும்பு கூடுவதில் வேறுபாடில்லை. தொங்குகட்டில் தொல்லை குறைவு. 2007இல் கனடா ஆய்வு ஒன்று, முற்றிலும் விலகிய முறிவுள்ள பெரியவர்களுக்குத் தகடு பொருத்துவது நன்மை தரும் என்றது. அதன்பின் பதின்வயதினருக்கும் அறுவை பெருகியது. ஆனால் 10 முதல் 18 வயதினரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அறுவையால் கூடுதல் பயன் எதையும் காணவில்லை.

இன்றைய நடைமுறை

விழுந்த குழந்தை ஒரு கையை மறுகையால் தாங்கிப் பிடித்திருப்பதும், எலும்பின் மேல் வீக்கமும் முதல் அறிகுறிகள். பிரசவத்தில் முறிவு நேர்ந்த பச்சிளங்குழந்தை அந்தக் கையை அசைக்காது. மருத்துவர் நாடித்துடிப்பையும் விரல்களின் உணர்வையும் சோதித்து, எக்சு கதிர்ப் படம் எடுப்பார். சிறுவர்களின் எலும்பு பச்சைக் கொம்பு போல வளைந்து, ஒருபுறம் மட்டும் கீறுவதும் உண்டு. தொங்குகட்டும் வலி மருந்தும் பெரும்பாலோருக்குப் போதும். சிறு குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வாரங்களிலும், பதின்வயதினருக்கு ஆறு வாரங்களுக்கு மேலும் எலும்பு கூடும். அவ்விடத்தில் தோன்றும் புடைப்பு புது எலும்பின் வளர்ச்சியே. சிறுவர்களுக்கு அது மாதக்கணக்கில் மெல்லத் தேயும்.

மார்பு முனை பின்புறம் விலகினால் மூச்சுக்குழாயும் பெரிய இரத்தக் குழாய்களும் அழுந்தலாம். மூச்சுத்திணறல், விழுங்குவதில் சிரமம், கை மரத்துப்போதல், தோலைக் குத்தி நிற்கும் எலும்பு முனை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், கட்டுப் போடும் முன்பே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.