சிறுவாடு: கணக்கில் வராத சேமிப்பின் வரலாறு

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் இனி செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். அடுத்த சில நாட்களில் அரிசிப் பானைக்குள்ளிருந்தும், பருப்பு டப்பாவின் அடியிலிருந்தும், பட்டுச்சேலை மடிப்பிலிருந்தும் நோட்டுகள் வெளியே வந்தன. வங்கியில் மாற்றிக்கொள்ள முதலில் 4000 ரூபாய்தான் உச்சவரம்பு. மீதியைக் கணக்கில் போட வேண்டும். தன் பெயரில் கணக்கு இல்லாத பெண், அந்தப் பணத்தைக் கணவரிடமோ மகனிடமோ கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நாளாக எங்கே வைத்திருந்தாய், ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இல்லத்தரசிகள் போடும் தொகை இரண்டரை லட்சம் ரூபாய் வரை இருந்தால் விசாரிக்கமாட்டோம் என்று அரசு ஆறுதல் சொன்னது. வீட்டுக்குள் நடந்த விசாரணைக்கு அந்த ஆறுதல் உதவவில்லை.

அந்தப் பணத்துக்குத் தமிழில் பெயர் உண்டு: சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது, பால் விற்றது, முட்டை விற்றது, பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கையில் வைத்துவிட்டுப் போனது என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். குழந்தைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடக் கட்டணம், திடீர்ச் சாவு, வேலையில்லாத மாதம் என்று எது வந்தாலும் முதலில் கை வைப்பது அதில்தான். ஆனாலும் சிறுவாடு என்றாலே வீடுகளில் ஒரு கேலிச் சிரிப்பு எழும். ஆண் சேர்த்தால் சேமிப்பு, பெண் சேர்த்தால் ஒளித்து வைத்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பணத்துக்கு முன்னால் தானியம் இருந்தது. குதிரில் நெல்லைக் கொட்டி, பூச்சி வராமல் நொச்சி இலை போட்டவள் பெண். அடுத்த பருவத்துக்கான காய்கறி விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைத்தவள் அவள். வெயில் காலத்தில் வற்றல், வடகம், உப்புக்கண்டம், கருவாடு, ஒரு வருடத்துப் புளி எல்லாம் மழைக்கால முன்னேற்பாடு. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடும் பழக்கமும் அப்படித்தான். அந்தப் பிடி பெரும்பாலும் யார் பங்கிலிருந்து குறைந்தது என்பது கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவளுக்குத் தெரியும்.

குதிரும் நகையும் இல்லாத வீடுகளே அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலமற்ற கூலிப் பெண்ணின் கையிருப்பு நாலு கோழி, ஓர் ஆடு, பித்தளைக் குடம், காலில் வெள்ளிக் காப்பு. அதுவும் இல்லாதவளுக்கு எந்தக் கீரை, எந்தக் கிழங்கு உயிர் காக்கும் என்ற அறிவு. பஞ்ச காலத்தில் ஊரைக் காப்பாற்றிய அந்த அறிவை யாரும் சொத்து என்று எழுதி வைக்கவில்லை.

சட்டம் என்ன சொன்னது? பெண்ணுக்கென்று தனியாக உள்ள உடைமையைத் தர்ம சாத்திரங்கள் சீதனம் என்றன. அதை அவளிடமிருந்து எடுத்தால் திருப்பித் தர வேண்டும். ஆனால் யாக்ஞவல்கிய ஸ்மிருதி சில விலக்குகள் தருகிறது: பஞ்சம், தருமச் செயல், நோய், கணவன் சிறைப்பட்டிருப்பது. இந்த நிலைமைகளில் எடுத்ததைக் கணவன் விரும்பாவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. நிலம், வீடு, தொழில் ஆகியவற்றில் அவளுக்குச் சமபங்கு கொடுக்காத அதே ஒழுங்கு, ஆபத்து வந்தால் அவளுடைய உடைமையையும் எடுத்துக்கொள்ள அனுமதித்தது. அதாவது, குடும்பத்தின் அவசரகால நிதி எது என்பதை நூல் முன்பே முடிவு செய்துவிட்டது.

அந்த முடிவு எவ்வளவு பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது என்பதை 1930களில் பார்க்கலாம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. பர்மா அரிசியின் போட்டியால் ஏற்கெனவே தவித்த தஞ்சை விவசாயிகளுக்கு இது இரண்டாவது அடி. ஆனால் நிலவரியையும் கடனையும் பணமாகத்தான் கட்ட வேண்டும். கடன் கொடுத்து வந்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. தோலா 21 ரூபாய் அளவில் இருந்த தங்கம் சில ஆண்டுகளில் 30 ரூபாயைத் தாண்டியது. அதுவரை தங்கத்தை இறக்குமதி செய்துவந்த இந்தியா, அந்தப் பத்தாண்டில் தங்கத்தை ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியது. வரி கட்டவும் வட்டி கட்டவும் சோறு பொங்கவும் விற்கப்பட்ட நகைகள் உருக்கப்பட்டுக் கட்டிகளாகக் கப்பலேறின. பொருளாதார அறிஞர்கள் இதைத் துயரத் தங்கம் என்றார்கள். எத்தனை கோடி ரூபாய்த் தங்கம் போனது என்று ஏற்றுமதிக் கணக்கு சொல்கிறது. எத்தனை கழுத்துகளும் காதுகளும் வெறுமையாயின என்ற கணக்கு கிடையாது. காப்பாற்றப்பட்ட நிலத்தின் பத்திரத்தில் இருந்தது ஆண்களின் பெயர்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; இந்தியா முழுவதற்கும் 2005 வரை. உரிமை வருவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. நகை அடகுக் கடைக்குப் போவதற்கு ஒருநாளும் காத்திருந்ததில்லை.

1962இல் சீனப் போர் வந்தபோது தேசமே ஒரு குடும்பம் என்றார்கள். பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யத் தடை. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. வீட்டிலுள்ள தங்கம் முடங்கிக் கிடக்கும் செல்வம் என்று அப்போது சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நிலமும் கணக்கும் இல்லாத ஒருத்திக்கு, இரவோடு இரவாக வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரே சொத்து அதுதான் என்பதை அந்தப் பேச்சு கணக்கில் எடுப்பதில்லை.

1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கே உரியது, அதைக் கையாடல் செய்யும் கணவர்மீது குற்ற வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் 1996இல் வந்த இன்னொரு தீர்ப்பும்கூட, கடும் நெருக்கடியில் கணவர் அதைப் பயன்படுத்தலாம், முடியும்போது திருப்பித் தருவது அவருடைய தார்மீகக் கடமை என்று குறிப்பிடுகிறது. பழைய நூலின் விலக்கு இன்னும் முழுதாக மறையவில்லை.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தன. சிறுவாடு முதன்முறையாக நோட்டில் ஏறியது, பெண்ணின் பெயரில் வங்கிக்குப் போனது. பிறகு அவள் பெயரில் கடனும் வந்தது. பல வீடுகளில் கடன் தொகையைச் செலவிட்டவர் ஒருவர், தவணை கட்டியவர் அவள். பெயர் கிடைப்பதும் அதிகாரம் கிடைப்பதும் ஒன்றல்ல என்று அங்கேயும் கற்றுக்கொண்டோம்.

நெருக்கடிக்குத் தயாராக இருங்கள், ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள் என்று இன்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். நம் பாட்டிமார் அதைச் சொல்லாமலே செய்தார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சிக்கனத்தை மட்டுமல்ல. அவர்களால் கேட்க முடியாமல் போன கேள்வியையும்தான். குடும்பத்தின் நெருக்கடிக்குப் பெண்ணின் சேமிப்பு இருக்கிறது. பெண்ணுக்கே நெருக்கடி வந்தால், அதுவும் அந்தக் குடும்பத்தாலேயே வந்தால், அவளுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே அவசரகாலப் பட்டியலில் அரிசி, பருப்பு, மருந்தோடு இவற்றையும் சேர்ப்போம்: தன் பெயரில், தானே இயக்கும் கணக்கு, நகை வாங்கிய ரசீதும் எடை எழுதிய தாளும், அடகு வைத்தால் அந்தச் சீட்டு தன் கையில், வீட்டுப் பத்திரத்தில் தன் பெயர், கொடுத்த பணத்துக்கு, கணவரே ஆனாலும், ஒரு குறிப்பு. இதெல்லாம் அவநம்பிக்கை என்று சொல்பவர்கள் இருப்பார்கள். ஆண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும்போது அதற்குப் பெயர் கணக்கு.