தலைமன்னார்ப் பாதையும் எம் முன்னோரும்

"கோட்டையிலே கோச்சி ஏறினால் சென்னை எழும்பூரிலே போய் இறங்கலாம்." எமது சங்கத்துப் பெரியோர் இவ்வாறு சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நடுவில் ஒரு கடல் கிடப்பதை அவர்கள் பெரிதாகப் பாராட்டுவதில்லை. 'போட் மெயில்' என்னும் பெயரை அறியாத பழைய குடும்பம் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் அரிது. ஆயினும் அப்பாதை யாருக்காக இடப்பட்டது, யாரை ஏற்றிச் சென்றது, எவ்வாறு அறுந்தது என்று இளைஞராகிய எம்மை வினவினால் விடை கூறத் தடுமாறுகின்றோம். அக்குறையைச் சிறிதேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரும்புப் பாதைக்கு முன் அங்கே இருந்தது ஓர் ஒற்றையடிப் பாதை. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரத்தை நடந்தே கடந்தனர். தண்ணீரின்றியும், வாந்திபேதி, அம்மை முதலிய நோய்களாலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை. பின்னர் போட் மெயில் தூத்துக்குடி வரை ஓடியது. அங்கிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது.

1914ஆம் ஆண்டு நிலைமை மாறியது. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இந்தியக் கரையில் தனுஷ்கோடி வரையும், எமது கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரையும் பாதை முடிந்தது. எம் பக்கத்துப் பாதையின் நீளம் ஏறத்தாழ 106 கிலோமீற்றர். இரு துறைகளுக்கும் இடையே சுமார் 22 மைல் கடல். அதனை நீராவிக் கப்பல்கள் ஓரிரு மணி நேரத்தில் கடந்தன. சேதுவின் மேலேயே பாலமிட்டு இரு கரையையும் இணைக்கும் யோசனையும் அக்காலத்திலே பேசப்பட்டது, கைகூடவில்லை. அன்றியும், இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடி. பாம்பன் வழியாக வந்த பாதையோ ஒரு மீற்றர் அகலமே உடையது. ஒரு கரையின் வண்டி மறுகரையில் ஓட இயலாது. கடலைத் தாண்டியவர்கள் மனிதர்களே. தலையிலே மூட்டையும் இடுப்பிலே குழந்தையுமாகத் தாண்டினார்கள்.

இதனைச் சுற்றுலாப் பாதை என்றோ யாத்திரைப் பாதை என்றோ நினைப்போர் உளர். வணிகரும் வந்தனர், இராமேஸ்வர யாத்திரிகரும் சென்றனர், திருக்கேதீஸ்வரத்துக்கும் மடுவுக்கும் போகும் அடியார்க்கும் இப்பாதையிலே நிலையங்கள் உள. ஆயினும் இப்பாதையின் பெருஞ்சுமை தோட்டத் தொழிலாளரே. பாம்பனுக்கு இப்பால் மண்டபத்திலே அவர்களுக்கென ஒரு நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. முதல் வகுப்புப் பிரயாணி கப்பலை நோக்கி விரைய, தொழிலாளி அம்முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதனைக்கு உள்ளானான். சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்திலே கட்டி அனுப்பும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. ஒரே பாதை, ஆனால் இரு பயணங்கள்.

வந்த பாதையே போகும் பாதையாகவும் ஆயிற்று. 1939இல் இலங்கை அரசாங்கம் தன் சேவையிலிருந்த தினக்கூலி இந்தியத் தொழிலாளரை நிறுத்தத் தொடங்கியது. அவ்வாண்டே இந்தியாவும் தொழிலாளர் இங்கு வருவதைத் தடை செய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இங்கு குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பேசுவதற்கென ஒத்திவைக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தின் மை உலர்ந்து இரண்டு மாதமும் ஆகுமுன், டிசம்பர் 22ஆந் திகதி இரவு பெரும் புயல் வீசியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டியைக் கடல் விழுங்கியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. எம் நாட்டின் வடபகுதியும் அப்புயலால் பெருஞ்சேதமுற்றது. பாம்பன் பாலம் 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ கைவிடப்பட்டது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. அதிலேதான் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கிற் சென்றன.

எமது தெருவிலுள்ள முதியவர் ஒருவர், தமது அக்காவின் குடும்பத்தை வழியனுப்பக் கோட்டைக்குச் சென்ற நாளை எமக்குக் கூறினார். "அக்கா அழவில்லை தம்பி. தண்ணீர்ப் போத்தலை நிரப்பித் தரச் சொன்னா. நான் நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் கோச்சி நகர்ந்து விட்டது" என்றார். அவ்வளவே கூறினார். போத்தலை என்ன செய்தார் என்று கேட்க எமக்கு நாவெழவில்லை.

உள்நாட்டுப் போர் மூண்டதனால் 1984இல் கப்பற் சேவை நின்றது. 1990இல் தலைமன்னார்ப் புகைவண்டியும் நின்றது; தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. முன்னோர் தங்கிய அதே மண்டபத்திலே 1983க்குப் பின் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு முகாம் அமைந்தமை வரலாற்றின் கொடிய விளையாட்டு அன்றோ!

போருக்குப் பின் இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் இடப்பட்டது. 2013இல் மடு றோட் வரையும், 2015 மார்ச் 14இல் தலைமன்னார் இறங்குதுறை வரையும் வண்டி வந்தது. நாமும் நண்பர் சிலரும் அவ்வண்டியிலே சென்றோம். முருங்கன் வயல்களைக் கடந்து, பாலம் தாண்டி, மன்னார்த் தீவின் பனைகளிடையே சென்றால் பேசாலை, அப்பால் தலைமன்னார். நிலையம் புதியது. ஆனால் கடற்கரையிலே பழைய துறைமேடை துருவேறி, தூண்கள் அலைக்குள் நிற்கின்றன. கடலிலே வண்டியைக் காத்திருக்கும் கப்பல் இல்லை. எதிர்க்கரையிலே தனுஷ்கோடி நிலையத்தின் சுவர்களும் தேவாலயத்தின் இடிபாடும் மணலிலே நிற்கின்றன. இராமேஸ்வரத்திலிருந்து அங்கு மீண்டும் பாதையிட 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டதாயினும் தண்டவாளம் போடப்படவில்லை. பாம்பனிலோ 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆக, இரு முனைகளும் புதுப்பொலிவு பெற்றும் இணைப்பு மட்டும் இல்லை.

இளைஞர்களே, இடிந்த சுவரைக் காக்க எமக்கு அதிகாரம் இல்லை, பொருளும் இல்லை. ஆனால் எமது வீட்டுப் பெட்டகங்களிலே பழைய கடவுச்சீட்டும், கப்பற் சீட்டும், குடியுரிமைக்கு மனுச்செய்த படிவமும் கரையானுக்கு இரையாகின்றன. அப்பாதையிலே பிரயாணஞ் செய்தோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இம்மலர் உங்கள் கைக்கு வந்த கிழமையே வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரருகே அமருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் திரும்பிப் போனார்கள், யாரிடமிருந்து கடிதம் வருவது நின்றது என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைச் சங்க நூல்நிலையத்துக்குத் தாருங்கள். மன்னார்க் காட்டிலே மாண்டோரின் பெயரை எவரும் எழுதவில்லை. அத்தவறு எம் காலத்திலும் நிகழலாகாது.